ராவலின் சத்தத்தோடு இறங்கட்டும்

பழைய ராவலின் மோட்டார் சைக்கிள் நல்லதா, புது ராவலின் நல்லதா என்று என்னைக் கேட்காத ஆள் ஹட்டனில் குறைவு. கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராது, இல்லையா பாஸ்?" என்பார்கள். மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். புதுசுதான் நல்லது என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிப்போகும். நாற்பத்தொரு வருடம் இந்த ஊரில் ஒரே கராஜில் மோட்டார் சைக்கிள் கழற்றிப் பூட்டியவன் நான். பழைய ராவலினை மட்டும் நான்கு தரம் முழுதாகக் கழற்றி, நான்கு தரமும் திரும்பப் பூட்டியிருக்கிறேன். அதைப் புகழ்கிறவர்களில் ஒருவராவது அதில் ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது.

இதை எழுதச் சொன்னது தினேஷ். என் இடத்தில் இப்போது தலைமை மெக்கானிக்காக இருப்பவன். எங்கள் கடையில் ராவலின் வாங்குகிற எல்லாரோடும் எங்கள் ஆள் ஒருவர் ஒரு முழு இறக்கம் கூடவே ஓட்டிப்போய் வந்த பிறகுதான் சாவி கைக்குப் போகும். வேறு எந்த வண்டிக்கும் அந்த வழக்கம் இல்லை. "புதுசா வந்தவங்க ஏன்னு கேக்குறாங்க அண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றான். கதையில் என் தலைதான் உருளும் என்று அவனுக்கும் தெரியும். அதனால்தான் என்னை எழுதச் சொல்கிறான் போலிருக்கிறது.

நான் தொழில் படித்த கதை சின்னது. பதினேழு வயதில் தோட்டத்து லய வீட்டிலிருந்து டவுனுக்கு வந்தேன். மூன்று வருடம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவினேன். நான்காம் வருடம் ஸ்பானரைக் கையில் கொடுத்தார்கள். ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கினால் போதும் என்று மணிக்கட்டு கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆனது. அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

கடை முதலாளி நிஜாம் ஹாஜியார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பால் சேர்க்காத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பார். கடையிலிருந்து எந்த வண்டி வெளியே போவதென்றாலும் முதலில் அவர் மேசைக்கு மெக்கானிக் போய் நிற்க வேண்டும். மேசையில் நீல அட்டை போட்ட ஒரு டெலிவரிப் புத்தகம் இருக்கும். டயர்க் காற்று, சங்கிலித் தளர்வு, விளக்கு, பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போடுவார். முடிந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டாமல் மூன்று கேள்வி கேட்பார்.

"நீங்களே ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டினேன் மொதலாளி."

"மழைல ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

"ஒங்க ஊட்டு ஆள இதுல அனுப்புவீங்களா?"

மூன்றுக்கும் ஆம் என்றால்தான் பேனா கைக்கு வரும். வண்டி நம்பருக்குப் பக்கத்தில் என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு தடவை, சோம்பலில், ஓட்டாமலே ஓட்டினேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே நல்ல மழை. ஹாஜியார் என் சட்டையைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. புத்தகத்தை மூடி, "நாளைக்குப் பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்த மேசையில் பொய் சொன்னதில்லை. மேசைக்கு வெளியே நான் அவிழ்த்துவிட்ட கதைகள் அந்தக் கணக்கில் வராது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

பழைய ராவலின் என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டங்களுக்கு வந்த இரட்டை சிலிண்டர் வண்டி. அறுநூறு சிசி. நுவரெலியா சீசன் காலத்து மலையேற்றப் பந்தயத்தில் எல்லா வண்டியையும் அது அடித்தது என்பார்கள். எந்த வருடம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். நான் பார்த்த ஒரே ராவலின் எங்கள் தோட்டத்துத் துரையினுடையது. துரை போன பிறகு தோட்டத்து ஆபீசில் இருந்த பெரிய கிளாக்கர் வாங்கினார். அவர்தான் அதை எங்கள் கராஜுக்குக் கொண்டுவருவார். கீழே எண்ணெய் ஒழுகாத நாள் கிடையாது. உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது திருப்பி உதைக்கும். என் வலது கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பட்டிப்பொல ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எலும்பு விறைக்கிற குளிரில், இரண்டு மணித்தியாலம் நின்று அதை உதைத்திருக்கிறேன். மழை நாளில் அதன் பிரேக்கைப் பிடிப்பதும் சாமி கும்பிடுவதும் ஒன்றுதான். இருந்தும் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்கள் உருகிப்போவார்கள். நானும் ஒரு காலத்தில் உருகியவன்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

உருகியதற்குக் காரணம் அந்த இறக்கம். துரை மலை உச்சி ரோட்டுக்கு வருவார். அங்கே எஞ்சினை அணைத்துவிடுவார். அவ்வளவு பெரிய வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் வளைவு வளைவாகத் தேயிலை மலைக்குள் இறங்கும். டயர் கல்லில் உரசுகிற சத்தம்கூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்போது துரை தலைக்கு மேலே நிற்பார். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்களைக் கேட்டால் ராவலின் என்றால் இதைத்தான் சொல்வார்கள். பிறகு எங்கள் மலையில் எல்லா வண்டியும் இப்படி இறங்கத் தொடங்கியது. பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கேட்கவே வேண்டாம். உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பிவிட்டுக் கீழே வரை சும்மா வருவது கெட்டிக்காரத்தனம் என்று ஆகிவிட்டது.

வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, கொழும்பு ஏஜென்சியிலிருந்து ஹாஜியாருக்கு ஒரு படம் வந்தது. ராவலின் என்ற பெயரை வேறொரு கம்பெனி வாங்கி, புது வண்டிக்குப் போட்டிருக்கிறது. முந்நூற்றைம்பது சிசி. இரட்டை சிலிண்டர்தான், ஆனால் சின்னது. ஸ்போர்ட்ஸ் வண்டி மாதிரி முன்னால் கூர்மையாக ஒரு மூக்கு. படம் டவுனுக்குள் சுற்றியதும் ஒரே சிரிப்பு. பெரிய கிளாக்கரின் மகன் கடைக்கே வந்து, "டேங்குல பேரு இருக்கு, வண்டிதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. மாதிரி வண்டி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "பாஸ், இத ஒங்களுக்குப் பிடிச்ச எடத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் நேரே பட்டிப்பொலவுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. வண்டியை அணைத்து, ஒரு மணித்தியாலம் குளிரில் விட்டு, பிறகு பொத்தானைத் தொட்டேன். தொட்டதுதான், எழும்பிவிட்டது. வளைவில் சாய்த்தால் சாய்ந்தது, பிடித்தால் நின்றது. என் கணுக்காலை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, "பேரு இல்லாட்டியும் இந்த வண்டி விக்கும் மொதலாளி" என்றேன்.

"பேரு இருந்தா?"

"சீக்கிரமா விக்கும்."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "அந்தப் பேருக்குப் பொறவால வேற என்னெல்லாம் வரும்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஒன்றும் வராது என்று சொன்னேன்.

அறிமுக நாள் அன்றைக்குக் கடைக்கு முன்னால் பந்தல் போட்டோம். கிளாக்கரின் மகன், கேலி பண்ணினவர்தான், பழைய ராவலினைத் துடைத்து மினுக்கிக் கொண்டுவந்து புதுசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எண்ணெய் ஒழுகாமல் இருக்க நான் அடியில் ஒரு தட்டு வைத்தேன். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை, பேசுகிற ஆசை விடுமா. துரை உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிய கதையைக் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். "அந்த ராவலின்தான் திரும்பி வந்திருக்கு" என்று முடித்தேன். பந்தல் முழுக்கக் கைதட்டு. அவ்வளவு கைதட்டு எனக்கு அதற்கு முன்னாலும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

முதல் வண்டியை வாங்கியது கௌரி டீச்சர். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் வீடு. பள்ளிக்கூடம் கீழ்ப் பள்ளத்தாக்கில், பதினோரு கிலோமீட்டர். அதில் ஆறு கிலோமீட்டர் ஒரே இறக்கம். கடைக்கு வந்த அன்று ஸ்கூட்டர் இருக்கிற மூலையை ஒருவர் காட்டியபோது, "அத நான் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு ராவலினில் ஏறி உட்கார்ந்தவர். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மூன்று கேள்விக்கும் ஆம் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். பிறகு இன்னும் பத்து வண்டி போனது. பதினொன்றிலும் என் கையெழுத்து.

ஒரு மாதத்தில் டீச்சர் திரும்பி வந்தார். "பாஸ், பின் பிரேக்கு சில நேரம் எறங்கிப் போகுதுங்க. கீழ போகப் போகக் காத்த மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறாராக்கும் என்று நினைத்து, மிதியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுத்தேன். அவர் போன பிறகு கராஜில் ஒருவன் டீச்சரின் ஓட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல, நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் தரம் வந்தபோது சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் ஓரத்தில் நீலம் படர்ந்திருந்தது. பேட் இரண்டும் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் பால் சேர்க்காத தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. இந்தப் பிரேக் கொதித்திருக்கிறது. ஆயில் கொதித்தால் அதற்குள் ஆவி வந்துவிடும். ஆவியை மிதித்தால் மிதி வெறுமனே கீழே போகும். வண்டி ஆறியதும் ஆவி அடங்கி, மிதி பழையபடி கல்லாகிவிடும். அதனால்தான் கராஜுக்கு வந்து சேரும்போது குற்றம் இருக்காது. ஆனால் ஏன் கொதிக்கிறது? டீச்சர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை. பேட்டையும் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் தரம் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். வளைவில் மிதி வெறுமையாகப் போய், வண்டி ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கிவிட்டது. முழங்காலில் கட்டு.

"கானு இந்தப் பக்கம் இருந்துச்சு, நான் தப்பிச்சேன்" என்றார். "அந்த வளைவுல தாங்க காலைல எங்க புள்ளைங்க வரிசையா நடந்து வருவாங்க. அன்னைக்கு அஞ்சு நிமிசம் பிந்தி வந்தாங்க. பிந்தி வந்ததுக்கு நான் யாரையும் ஏசல."

அவர் குரல் உயரவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது. பதினோரு வண்டி இந்த மலையில் ஓடுகிறது, எதில் எப்போது மிதி வெறுமையாகும் என்று யாருக்கும் தெரியாது, எல்லாவற்றிலும் என் வீட்டு ஆளை அனுப்புவேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கே கொழும்புக்குப் போன் போட்டேன்.

கொழும்பு ஏஜென்சியிலிருந்து ருவன் என்ற எஞ்சினியர் கம்ப்யூட்டரோடு வந்தார். நல்ல பையன், நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். வண்டியில் வயரைக் குத்தி ஒரு மணித்தியாலம் பார்த்தார். குற்றம் ஒன்றும் பதிவாகவில்லை, ஓட்டுகிறவரின் பழக்கம் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுதியது உண்மைதான் என்பதும், பழக்கத்தை யார் கொடுத்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் இல்லை, சர்வீஸ் புத்தகம். ருவன் போன பிறகு சும்மா பக்கங்களைப் புரட்டினேன். முதல் சர்வீசுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மீட்டர் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீச்சர் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தார். நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன், நாற்பது பள்ளிக்கூட நாள். போக வர இருபத்திரண்டு என்றால் எண்ணூற்று எண்பது வர வேண்டும். நாளைக்கு ஆறு கிலோமீட்டர் எங்கேயோ காணாமல் போகிறது. டீச்சர் வீட்டிலிருந்து இறங்குகிற இறக்கமும் ஆறு கிலோமீட்டர்.

இந்த வண்டியின் மீட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், சக்கரம் உருண்டாலும் மீட்டர் உருளாது.

மறுநாளே றொசல்லவுக்குப் போனேன். டீச்சர் வாசலில் காப்பி கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், எறக்கத்துல சாவிய அணைச்சிட்டுத்தானே போறீங்க?"

"ஆமாங்க."

"முன் பிரேக்கு பிடிக்கிறீங்களா?"

"எறக்கத்துல முன் பிரேக்கு பிடிச்சா தூக்கிப் போட்டுரும்னு எல்லாரும் சொல்வாங்களே. பின்னாடி மட்டுந்தான் மிதிச்சிக்கிட்டே போவேன்."

"ஏன் டீச்சர் அணைக்கிறீங்க? பெட்ரோலு மிச்சம் பிடிக்கவா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்திருப்பார். "பெட்ரோலுக்கு இல்லீங்க. நீங்கதானே பந்தல்ல சொன்னீங்க, ராவலின்னா உச்சியில அணைச்சிட்டு எறங்கணும்னு. மொத நாள் அப்படி எறங்குனப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. எங்க தாத்தாமாரெல்லாம் நிமிந்து பாத்த வண்டியில நான் போறேன்னு."

காப்பி கையிலேயே ஆறிப்போனது. நாற்பத்தொரு வருடத்தில் என் கை செய்த வேலையில் யாருக்கும் அடி பட்டதில்லை என்று பெருமையடித்திருக்கிறேன். என் வாயைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நிச்சயப்படுத்தாமல் ஹாஜியாரிடம் போகக் கூடாது. டீச்சரின் வண்டியை வாங்கிக்கொண்டு அந்த இறக்கத்தின் உச்சிக்குப் போனேன். முதலில் சாவி திறந்தபடி, இரண்டாம் கியரில், எஞ்சின் பிடித்துக்கொள்ள, வளைவில் மட்டும் இரண்டு பிரேக்கையும் தொட்டு இறங்கினேன். கீழே வந்து டிஸ்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சும்மா வழிந்து ஓடியது. மறுபடி மேலே போய், பிரேக் ஆறும் வரை காத்திருந்து, இந்தத் தரம் சாவியை அணைத்து, பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினேன். எவ்வளவு அமைதி. குருவிச் சத்தம் கேட்டது, தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. எனக்கே பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது கிலோமீட்டரில் கருகல் வாசம் வந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன், கால் அப்படியே கீழே போனது. இன்னொரு தரம் மிதித்தேன், ஒன்றுமில்லை. முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்க மண்ணில் முழங்காலை உரசி நிறுத்தினேன். டிஸ்கில் விட்ட தண்ணீர் சுர்ரென்று பறந்துபோனது. வண்டியில் ஒரு குற்றமும் இல்லை. எஞ்சினும் சேர்ந்து பிடித்து இறக்க வேண்டிய பாரத்தை, சாண் அகலமுள்ள ஒரு தகடு தனியாகச் சுமந்திருக்கிறது.

ஹாஜியார் முழுக்கக் கேட்டார். பந்தலில் நான் சொன்ன கதை வரைக்கும் சொன்னேன். அவர் டெலிவரிப் புத்தகத்தைத் திறந்து, என் பதினோரு கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்கு நெலமைக்கு, ஒங்க மகள இதுல அனுப்புவீங்களா?"

"வண்டில அனுப்புவேன் மொதலாளி. அந்தக் கதையோட அனுப்ப மாட்டேன்."

ருவனோடு தொலைபேசியில் பேசினோம். எஞ்சினை அணைத்து இறங்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் ஸ்டிக்கர் அடித்து அனுப்புகிறேன், டேங்கில் ஒட்டுங்கள் என்றார். எனக்கு உள்ளூர நிம்மதி. ஸ்டிக்கர் ஒட்டினால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கௌரவமாக ரிட்டயர் ஆகலாம். ஹாஜியார் தலையை ஆட்டினார்.

"ஸ்டிக்கர சொரண்டிப் போட்டுருவாங்க பாஸ். கத அப்படியே ஒட்டிக்கிட்டு இரிக்கும். ஞாயித்துக்கெழம பதினொரு பேரையும் கூப்புடுங்க. ஒங்க வாயால குடுத்தத ஒங்க வாயாலயே திருப்பி எடுங்க. அது வரைக்கும் ஒரு வண்டியும் வெளிய போகாது."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் வந்தார்கள். கிளாக்கரின் மகனும் வந்திருந்தார். பந்தலும் இல்லை, மைக்கும் இல்லை. முதலில் டீச்சரின் பழைய டிஸ்கையும் பேட்டையும் கையில் கொடுத்துச் சுற்றவிட்டேன். எப்படிக் கொதிக்கிறது என்று விளக்கினேன். பின்னால் இருந்த ஒருவர், "அப்ப தொரை மட்டும் ஏங்க அப்படி எறங்குனாரு?" என்று கேட்டார். வரும் என்று எதிர்பார்த்த கேள்விதான். அந்தக் கதையின் மிச்சப் பாதியை அன்றைக்குத்தான் முதல் முறையாக வெளியே சொன்னேன்.

துரை சத்தமில்லாமல் இறங்கியது அழகுக்காக இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பிடிப்பதற்காக. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் மேல் ரோட்டில் நின்றேன். அம்மாவும் நாலைந்து பேரும் மழை விட்ட நேரத்தில் வெற்றிலை போட உட்கார்ந்திருந்தார்கள். ராவலின் உச்சியில் வந்ததையும், துரை எஞ்சினை அணைத்ததையும் நான் மேலேயிருந்து பார்த்தேன். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். ஒரு விசில் போதும். நான் அந்த வண்டி இறங்குகிற அழகைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். துரை தலைக்கு மேலே வந்து நின்றதும் அம்மா பதறி எழும்பினாள். முதுகில் நிறைந்த கூடை. ஈரக் கல்லில் கால் வழுக்கி, கானுக்குள் விழுந்து, இடது கை முறிந்துபோனது. அன்றைக்கு உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அம்மாவுக்கும்தான். அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. நான் மேலே நின்று பார்த்தது அவளுக்குத் தெரியும். சாகும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சொல்லி முடித்தேன். கேள்வி கேட்டவர் மெதுவாக, "அன்னைக்கு ஏன் பாஸ் இந்தப் பாதிய விட்டுட்டீங்க?" என்றார்.

"இதச் சொன்னா கைதட்ட மாட்டாங்கன்னுதான்" என்றேன்.

கௌரி டீச்சர் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். "எங்கம்மாவும் மலையில கொழுந்து எடுத்தவங்கதான்" என்றார். "இனிமே நான் கியர்லயே எறங்குறேன். வர்றது நான்னு மேலேயே கேக்கட்டும்."

அடுத்த இரண்டு வாரத்தில் பதினொரு பேரோடும், அவரவர் வீட்டு இறக்கத்தில், ஆளுக்கு ஒரு முறை கூடவே ஓட்டினேன். எந்த வளைவுக்கு எந்த கியர், முன் பிரேக்கை எப்படித் தொடுவது என்று காட்டினேன். கிளாக்கரின் மகன் தான் வாங்காவிட்டாலும் ஒரு தரம் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும், "சின்ன வண்டிதான், ஆனா சொல்றத கேக்குது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ். டெலிவரிப் புத்தகத்தில் ஹாஜியார் நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்தார். "கூட எறங்கினீங்களா?" தினேஷ், புதிதாக வந்தவர்களுக்குப் பதில் இதுதான். மீட்டர் குறைந்து ஓடிய வண்டி அதற்குப் பிறகு ஒன்றுகூட சர்வீசுக்கு வரவில்லை.

ரிட்டயர் ஆனதும் நானும் ஒரு ராவலின் வாங்கினேன், நீல நிறம். வாங்கிய வாரமே எங்கள் பழைய தோட்டத்துக்குப் போனேன். துரை எஞ்சினை அணைக்கிற அதே உச்சி. கீழே மலையில் ஏழெட்டுப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் கியரில் போட்டு இறங்கத் தொடங்கினேன். எஞ்சின் சத்தம் எனக்கு முன்னாலேயே வளைவெல்லாம் இறங்கிப் போனது. ஒருத்தி தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தாள். என்ன வண்டி என்று பார்த்துக்கொண்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற வளைவையும் தாண்டிப் போனேன். யாரும் எழும்பவில்லை.